பக்கத்து மண்டலங்களும் எங்கள் தலைக்கட்டும்

1

சென்ற மாதம் எங்கள் ஆபீசில் ஒரு குழுவிலிருந்து ஒரு மண்டலத்தை நீக்கினார்கள். நீக்குகிற வேலை என்னுடையது. வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகட்டின் பின்பக்கத்தில் போன வருஷம் நான் போட்டிருந்த சின்ன மை வட்டத்தை, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்தேன். வட்டம் போன பிறகும் அந்த மண்டலம் அங்கேதான் இருந்தது, மற்ற நான்கின் மேல் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பது போல. அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கணக்கில்தான் இல்லை.

மண்டலம் என்று நான் சொல்வது ஜாதகத்தில் வருவது அல்ல. கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரே உடம்பாக இருப்பதை இங்கே கேலக்சி என்கிறார்கள். நாம் இரவில் பார்க்கிற நட்சத்திரங்கள் எல்லாம் நம் மண்டலத்துக்குள் இருப்பவை. அதற்கு வெளியே, கண்ணுக்கு எட்டாத தொலைவில், இதே போல இன்னும் எண்ணில் அடங்காத மண்டலங்கள். அவை பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. இரண்டு, ஐந்து, பத்து என்று குழுவாக இருக்கின்றன. நமக்கு அருகில் உள்ள குழுக்களில் எது எதோடு சேர்ந்தது என்று வகைபிரித்துப் பட்டியல் போடுவது எங்கள் ஆபீசின் வேலை. வகைபிரிப்பவர் டாக்டரம்மா, வானசாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நான் வட்டம் போடுபவன்.

கீரமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்து, பள்ளி இறுதி வகுப்போடு நிறுத்தியவன் நான். இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்த மில் நகரத்துக்கு எப்படி வந்தேன் என்று ஊரிலிருந்து எழுதுகிற எல்லோரும் கேட்கிறார்கள். புதுக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் செய்துகொண்டிருந்தேன். நெகட்டிவில் கல்யாணப் பெண்ணின் முகத்தில் உள்ள அம்மைத் தழும்பைக் கூரான பென்சிலால் மறைக்கிற வேலை. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அரண்மனை ஆர்டர்கள் எல்லாம் நின்றுபோயின. முதலாளி என்னை நிறுத்த மனமில்லாமல் நிறுத்தினார். சிங்கப்பூர் போனேன். அங்கே பட்டாளத்துப் போட்டோப் பிரிவில் இருட்டறை வேலை கிடைத்தது. பிரிவின் அதிகாரி ஊர் திரும்பியபோது, கை நடுங்காத ஆள் என்று இங்கே ஒரு சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்தார். மனைவி பொன்னம்மாவையும் மகனையும் ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பேசக் கூச்சப்படுகிறவனுக்கு ஏற்ற வேலை. தகடுகள் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை.

2

தகடு நெகட்டிவ்தான். வானம் வெளுப்பு, நட்சத்திரங்கள் கரும்புள்ளி. மண்டலங்கள் புள்ளியாக இருக்காது, கறையாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு தகட்டின் மூலையில் எண்ணெய்க் கை பட்டது போல ஒரு மங்கல் தெரிந்தது. ஸ்டூடியோப் பழக்கத்தில் கத்தி முனையை எடுத்துவிட்டேன், சுரண்டிச் சரிசெய்ய. பக்கத்து மேஜைக்காரர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த மங்கல் ஒரு முழு மண்டலம். சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா கோபிக்கவில்லை.

“இந்தக் கண்தான் எனக்கு வேண்டும். ஆனால் கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்” என்றார்.

வகை பார்ப்பது முதலில் உருவத்தை வைத்து. விளிம்பே தெரியாமல் உருண்டையாகவோ முட்டை போலவோ கரைந்து போவது ஒரு வகை. நடுவில் திரட்சியும் அதைச் சுற்றிக் கைகளும் உள்ள சுருள் இன்னொரு வகை. சுருளிலேயே கை இறுக்கமாகச் சுற்றியது, தளர்ந்தது, அவிழ்ந்தே போனது என்று பிரிவுகள். நடுவில் கட்டை ஒன்றைக் குறுக்கே போட்டது போல இருந்தால் அது தனி. எந்த ஒழுங்கும் இல்லாமல் மாவு சிந்தியது போல இருப்பவை கடைசி. இதை நான் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின. ஆனால் உருவம் வகையைச் சொல்லுமே தவிர, உறவைச் சொல்லாது. ஒரே குழுவில் உருண்டையும் இருக்கும், சுருளும் இருக்கும், சிந்தியதும் இருக்கும்.

எது எந்தக் குழு என்று பார்ப்பது வேறு வேலை. வானத்தில் ஒரே பக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு ஏறக்குறைய ஒரே தொலைவா என்று. அருகில் உள்ளவற்றின் கைகளில் மணல் போலத் தனித்தனி நட்சத்திரம் தெரியும், தொலைவில் உள்ளவை வழவழவென்று இருக்கும். கடைசியாக வேகம். மண்டலத்தின் ஒளியைப் பட்டையாகப் பிரித்தால் அதில் சில கோடுகள் விழும். அவை சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதைக் கொண்டு அது நம்மைவிட்டு எவ்வளவு வேகமாக விலகிப் போகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். தொலைவில் இருப்பது அதிக வேகமாகப் போகும். ஒரு குழுவைச் சேர்ந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். வேகம் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும், அது எங்களிடம் இல்லை. அமெரிக்காவிலிருந்து எண் வரும். எண் வந்ததும் எதற்கு எந்த மை என்று டாக்டரம்மா சொல்வார்.

உறுதியான உறுப்பினருக்குக் கறுப்பு மை. இருக்கலாம் என்றால் சிவப்பு மை. இல்லை என்றால் வட்டமே இல்லை.

நம் மண்டலமும் ஒரு குழுவில்தான் இருக்கிறது. அதில் பெரியவை இரண்டே. ஒன்று நம்முடையது. மற்றொன்று இருட்டான ஊரில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். மற்றவை எல்லாம் இந்த இரண்டையும் அண்டிக் கிடக்கும் சிறியவை. நம் குழுவுக்கு வெளியே உள்ள பக்கத்துக் குழுக்களில் ஒன்று சப்தரிஷி நட்சத்திரங்களின் பக்கம் இருக்கிறது. இன்னொன்று தெற்கே. அந்தத் தெற்குக் குழு இங்கே அடிவானத்தை ஒட்டிப் புகைக்குள் கிடக்கிறது. நம் ஊர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல உயரத்துக்கு வரும். அதை அங்கே யாரும் பார்ப்பதில்லை, இங்கே யாராலும் பார்க்க முடிவதில்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள தேசங்களிலிருந்து வருகிற தகட்டை வைத்துத்தான் வேலை செய்கிறோம்.

நான் வட்டத்தைத் துடைத்த மண்டலம் இருப்பது பூரட்டாதிக்கு அருகே. அங்கே ஐந்து மண்டலங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பார்த்தால் ஒரு தாய் மக்கள் என்று யாரும் சொல்வார்கள். வேகம் பார்த்தால் நான்கு ஏறக்குறைய ஒன்றாகப் போகின்றன. ஐந்தாவது மிக மெதுவாகப் போகிறது. அப்படியானால் அது மிக அருகில் இருப்பது, நமக்கும் அந்த நான்குக்கும் நடுவே தற்செயலாக வந்து நிற்பது என்கிறார் டாக்டரம்மா. அதே பக்கம், சற்றுத் தள்ளி, நமக்கு அருகே ஒரு பெரிய சுருள் மண்டலம் உண்டு. இனி அதன் குழுவில் ஐந்தாவதைச் சிவப்பு மையில் சேர்க்கச் சொன்னார். வேறு சிலர் அது அந்த நான்கோடு பிறந்ததுதான், ஏதோ பலத்தில் வெளியே வீசப்பட்டது என்கிறார்களாம்.

“எது சரி?” என்று கேட்டேன்.

“நம் ஆயுளுக்குள் தெரியாமல் போகலாம். அதுவரை பட்டியலில் எங்கேயாவது எழுதித்தானே ஆகவேண்டும்” என்றார்.

3

என் மகனுக்கு என் அய்யா பேர், அதாவது என் தகப்பனார் பேர், வீரையா. இங்கே வேலை பார்க்கும் மோட்டார் கம்பெனியில் அவனை ரே என்று கூப்பிடுகிறார்கள். ஒன்பது வயதில் வந்தவன். வந்த புதிதில் கனவில் தமிழில் பேசுவான். பிறகு ஆங்கிலத்தில் பேசினான். இப்போது என்ன பேசுகிறான் என்று தெரியாது, வேறு வீட்டில் இருக்கிறான். ஜீன் என்ற பெண்ணை மணந்துகொண்டான். ஜீனின் அப்பா பஸ் ஓட்டுகிறார், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான்.

ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்ததை நினைத்தால் இன்றும் வியர்க்கிறது. மகன் பிறந்தது புதுக்கோட்டையில், சமஸ்தானம் இருந்தபோது. பிறப்புச் சான்றில் புதுக்கோட்டை சமஸ்தானம் என்று இருக்கிறது. அங்கிருந்த குமாஸ்தா தன் புத்தகத்தில் தேடினார். அப்படி ஒரு தேசம் இல்லை.

“இது எங்கே இருக்கிறது?” என்றார்.

“இப்போது இல்லை” என்றேன்.

“இந்தியாவா?”

“இப்போது இந்தியா.”

“அப்போது?”

மகன் என் முழங்கையைத் தொட்டு, “நான் பேசுகிறேன், விடுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது ரயில்வே ஸ்டேஷனில் நான் அவனிடம் பேசிய அதே குரல் அது. கடைசியில் நான் ஒரு பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு கல்யாணம் ஆனது. பொன்னம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மேலே கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோதுதான் மகன் கேட்டான். அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

“அப்பா, கோயிலில் இனி என் பேரையும் கூப்பிடுவார்களா?”

4

எங்கள் வகையறாவில் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அய்யனார் கோயில் புரவி எடுப்பின்போது, குயவரான வேளார் வீட்டிலிருந்து மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கோயிலில் இறக்கிவைத்த பிறகு, பூசாரி ஒவ்வொரு தலைக்கட்டின் பேராகச் சொல்லிக் கூப்பிடுவார். பேருக்கு உரியவர் “இருக்கோம்” என்று குரல் கொடுத்துப் போய்த் திருநீறு வாங்கவேண்டும். ஆள் வெளியூரில் இருந்தால் பங்காளி ஒருவர் அவருக்காகக் குரல் கொடுப்பார். அதில் ஏட்டைப் பார்த்துப் படிப்பது கிடையாது. பூசாரி வாயில் வரிசை இருக்கிறது. அப்பா பேர், அடுத்து மகன் பேர், அடுத்து அடுத்த மகன் பேர். நான் ஊரைவிட்டு வந்து இத்தனை வருஷத்தில் என் பேர் ஒரு தடவைகூட விட்டுப்போனதில்லை. என் சித்தப்பா மகன் கருப்பையாவோ அவன் அப்பாவோ குரல் கொடுத்துவிடுவார்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவன் பேரைச் சேர்க்க ஒரு முறை உண்டு. கோயிலில் ஒரு மண்பானை கொடுப்பார்கள். வந்த பெண் அதில் பொங்கல் வைக்கவேண்டும். பானை வைத்த வீட்டுக்குத்தான் பேர்.

என் மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு புரவி எடுப்பு நடந்தது. நான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தேன். அவனைத் தோளில் உட்காரவைத்திருந்தேன். பேர் கூப்பிடுகிற இடத்தில் வீரையா என்று என் அய்யா பேரைக் கூப்பிட்டார்கள். இவன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து என் தலைக்கு மேலிருந்து “இருக்கோம்” என்று கத்திவிட்டான். கோயிலே சிரித்தது. என் அய்யாவும் சிரித்துவிட்டு, “இருடா, ஒனக்கும் வரும்” என்றார். இப்போது அவர் இல்லை.

அதை அவன் மறக்கவில்லை. நிலக்கடலைக்குத் தமிழில் என்ன என்பதை மறந்துவிட்டான், அதை மறக்கவில்லை.

மகன் பேரைச் சேர்க்கச் சொல்லி ஊரில் பங்காளிகளுக்கு எழுதினேன். பெண்ணின் பேர், குணம், கல்யாணம் சட்டப்படி நடந்தது எல்லாம் எழுதினேன். பதிலில் நல்ல மழை, கண்மாய் நிறைந்திருக்கிறது, முந்திரிதான் சரியாகக் காய்க்கவில்லை, வைகாசியில் புரவி எடுக்கப் பேசியிருக்கிறார்கள் என்று இருந்தது. நான் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் முறை எழுதினேன். அதற்கும் அப்படியே. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு மூன்றாம் முறை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

5

கருப்பையா சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்க்கிறான். லீவில் ஊருக்குப் போய்ப் புரவி எடுப்பு பார்த்துவிட்டு, பம்பாயில் கப்பல் ஏறி, சென்ற வாரத்துக்கு முந்தின வாரம் லிவர்பூலில் வந்து இறங்கினான். இரண்டு நாள் அனுமதி வாங்கி ரயிலில் எங்கள் மில் நகரத்துக்கு வந்தான். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான்.

“என்னாண்ணே, இந்தக் குளிர்லயா குடியிருக்கீக? எங்க கப்பல்ல மீன் வைக்கிற ரூம்பு இதுக்குத் தேவலாம்” என்றான்.

டாக்டரம்மாவிடம் கேட்டு அவனை உள்ளே கூட்டிப்போனேன். சனிக்கிழமையானதால் மற்ற மேஜைகள் காலி. வெளிச்சப் பெட்டியின் மேல் ஒரு தகட்டை வைத்து, பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்தேன். குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

“இதுல என்னண்ணே இருக்கு? ஈ எச்சம் போட்ட மாதிரி இருக்கு.”

“ஒவ்வொன்னும் ஒரு மண்டலம். எது எதோட சேந்ததுன்னு பாக்குறோம்.”

“அப்ப பங்காளி வகை பாக்குறீக.”

“அப்படித்தான் வச்சுக்கயேன்.”

“இதுக்கு வெள்ளைக்காரன் சம்பளம் குடுத்து ஆள் வைக்கிறானாக்கும். நம்மூருல வெத்தலை மெல்லுற நேரத்துல சொல்லிப்புடுவாக.” மறுபடியும் குனிந்தான். “இந்தா நடுவுல பெரிசா சுருண்டு கெடக்கே, இது யாரு?”

“அதுதான் அந்தக் குழுவுக்குப் பெரிசு. சப்தரிஷி பக்கத்துல இருக்கு. சுத்தி உள்ளதுக அதோட சேந்ததுக.”

“பக்கத்துல ஒன்னு பிச்சுப்போட்டாப்ல இருக்கே.”

“உள்ளுக்குள்ள என்னமோ வெடிச்சிருக்கும்ங்கிறாக.”

“நம்ம சின்னான் குடிச்சிட்டு வந்து சண்டை போட்ட மறுநாள் வேட்டி மாதிரியில்ல இருக்கு. அதையும் சேத்து வச்சிருக்கீகளா?”

“அது உறுதி. கறுப்பு மை.”

“பரவால்ல, நல்ல சனங்க.” பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். “நாம இருக்குறத எங்க வச்சிருக்கீக? அதைக் காட்டுங்க.”

“அதைப் படம் பிடிக்க முடியாது. நாம உள்ளுக்குள்ள இருக்கோமே. வெளிய போயி நின்னாத்தான் முழுசாத் தெரியும்.”

“அதுஞ் சரிதான்” என்று ஏப்பம் விட்டான்.

அவன் வந்ததிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டேன். “கோயில்ல என்னாச்சு?”

“ஒங்க பேரைக் கூப்புட்டாகண்ணே. நாந்தான் குரல் குடுத்தேன். திருநூறு மடிச்சுக் கொண்டாந்திருக்கேன், மதினிகிட்டக் குடுக்கணும்.”

“வீரையா பேரு?”

அவன் கை தகட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டேன்.

“முத நா கூட்டத்துல பேச்சு வந்துச்சு. நான் எந்திரிச்சுச் சொன்னேன். பெரியவரு பேரையே வச்சிருக்கு, ரிஜிஸ்தர் கல்யாணம், அண்ணே முறையா எழுதிக் கேட்டிருக்காகன்னேன். ‘பொண்ணு பானை வச்சாளா’ன்னாக. அம்புட்டுத்தான்.”

“ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நான் வந்தா?”

“அதையும் கேட்டேன். ‘பானை குடுத்தாத்தான வைக்க. யாரு குடுக்குறது’ன்னு ஒருத்தரு. ‘நாளைக்கு எம் மகனும் எவளையாச்சும் இழுத்துக்கிட்டு வந்து நிப்பான், அப்ப என்ன சொல்ல’ன்னு இன்னொருத்தரு. கோவமால்லாம் சொல்லலண்ணே. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. அதோட வேளாருக்கு எத்தனை குதிரை சொல்றதுன்னு பேச்சு மாறிப்போச்சு.”

“முடிவா என்னடா சொன்னாக?”

“முடிவுன்னு ஒன்னுமே இல்லண்ணே. ஒங்க பேரு இருக்கும். நீங்க இருக்குற வரைக்கும் கூப்புடுவாக, அதுல பாதகமில்ல. அவன் பேரு வராது. நான் அங்கதான நின்னேன். ஒங்களுக்கு அடுத்தாப்புல நம்ம பங்காளி செங்கோடன் மகன் பேரைக் கூப்புட்டாரு பூசாரி. மூச்சு விடுற நேரங்கூட நிறுத்தல.”

யாராவது எதிர்த்திருந்தால் அவர்களுக்கு நான் எழுதலாம். கோபித்திருந்தால் காலில் விழலாம். யாரும் ஒன்றும் செய்யவில்லை. நான் விளக்கை அணைத்தேன். தகட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

“அவன் கேட்டா என்ன சொல்ல?” என்றேன்.

“நீங்கதாண்ணே சொல்லணும். நான் வந்தவன்.”

“நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாரான். அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு.”

கருப்பையா கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். தமிழில் சொன்னால் அவனுக்குப் பாதி புரியாது. ஆங்கிலத்தில் சொன்னால் எனக்குப் பாதி வராது. பொன்னம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் கறிக்கு மசாலா அரைத்தாள்.

ஜீன் முழுகாமல் இருக்கிறாள். வீட்டுக்குள் நுழையும்போதே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தாள். கருப்பையா எழுந்து நின்று, “வா தாயி” என்றான். அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். மகன் கருப்பையாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறான்.

“சித்தப்பா, நீங்க சின்னதா ஆயிட்டீங்க” என்றான்.

“நீ பெரிசாயிட்டடா மகனே. ஒங்க அப்பா அளந்து பாக்குற ஆளு, அவருகிட்டக் கேளு.”

சாப்பிட உட்கார்ந்தோம். நான் என் வாக்கியத்தின் முதல் சொல்லை வாய்வரை கொண்டுவந்தேன். அதற்குள் மகன் என்னை விட்டுவிட்டுக் கருப்பையாவிடமே கேட்டுவிட்டான்.

“சித்தப்பா, கோயில்ல பேர் கூப்பிட்டாங்களா? என் பேர்?”

கருப்பையா கையில் சோற்றோடு என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். பொன்னம்மா கரண்டியைச் சட்டியில் வைத்த சத்தம் கேட்டது.

“கூப்புடாம இருப்பாகளா?” என்றான் கருப்பையா. “வீரையான்னு கூப்புட்டாக. பெரியவரு பேராச்சே, சனமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. நாந்தான் குரல் குடுத்தேன். தொண்டை கட்டிப்போச்சு எனக்கு.”

மகன் சிரித்தான். ஆறு வயதில் என் தோளில் உட்கார்ந்திருந்தவனின் அதே முகம். உடனே ஜீன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மளமளவென்று சொன்னான். குதிரையைப் பற்றி, பூசாரியைப் பற்றி, தன் தாத்தாவைப் பற்றி. அவனுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஜீன் கேட்டுக்கொண்டே தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்து கருப்பையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் எச்சில் கை. அவள் அதைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கருப்பையாவை ரயில் ஏற்றிவிடப் போனேன்.

“ஏண்டா அப்படிச் சொன்ன?” என்றேன்.

“நீங்க சொல்லுவீக சொல்லுவீகன்னு பாத்தேன். நீங்க தலையே நிமிரல. அந்தப் புள்ள வேற அந்த நெலமையில உக்காந்திருக்கு. என்ன பண்ணச் சொல்றீக?” ரயிலுக்குள் ஏறி ஜன்னலை இறக்கினான். “ஏசணும்னா ஏசிப்புடுங்க. இனிமே நீங்க பாத்துக்கங்கண்ணே.”

எனக்கு ஏசத் தெரியவில்லை. ரயில் போய்விட்டது. அவன் கப்பல் புதன்கிழமை புறப்படுவதாக இருந்தது, இந்நேரம் நடுக்கடலில் இருப்பான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஜீனின் அம்மா வீட்டுக்குப் போகாமல் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாங்கள் கூப்பிடாமலே வந்தார்கள். மகன் கப்பல் கம்பெனியில் விசாரித்துவிட்டு வந்திருந்தான். பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கியதும் ஊருக்குப் போகலாம், அடுத்த புரவி எடுப்பில் தன் பேரைக் கூப்பிடும்போது தானே போய்த் திருநீறு வாங்கவேண்டும், ஜீன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று சொன்னான். அம்மாவும் அப்பாவும் கட்டாயம் வரவேண்டும் என்றான். பொன்னம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் இப்போது அதில் கருப்பையாவும் வந்துவிட்டான். அவனைப் பொய்யன் ஆக்காமல் உண்மையைச் சொல்ல வழியில்லை. மகன் ஊரைப் பற்றி என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதும் இதுதான் முதல் தடவை.

“அடுத்தது எப்போது நடக்கும்?” என்று ஜீன் கேட்டாள்.

“அதற்குத் தேதி கிடையாது. நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்த வருஷத்தில்தான் எடுப்பார்கள்” என்றேன். அது உண்மைதான்.

“அப்படியானால் அங்கே நல்ல மழை பெய்யட்டும்” என்றாள் அவள்.

நான் தலையாட்டினேன்.